மின்கலத்தைக் காக்கும் நுண்சில்லு

2017ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் மைய அரசு தொடங்கிய 'சௌபாக்கியா' திட்டம், மின்வசதி இல்லாத ஒவ்வோர் இல்லத்திற்கும் மின்சாரம் வழங்குவதை நோக்கமாகக் கொண்டிருந்தது. பெரும்பாலான இல்லங்களுக்குக் கம்பி வழியாகவே மின்சாரம் சென்றது. ஆயினும் காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் பாலைநிலத்திலும் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்குக் கம்பி இழுத்துச் செல்வது எளிதன்று. அத்தகைய இல்லங்களுக்கு, 200 முதல் 300 வாட் வரை திறனுள்ள சூரிய ஒளித் தகடு, மின்கலம், ஐந்து எல்.ஈ.டி. விளக்குகள், ஒரு மின்விசிறி ஆகியவை அடங்கிய தொகுப்பினை வழங்க வகை செய்யப்பட்டது. ஐந்தாண்டுக் காலப் பராமரிப்பும் அத்திட்டத்தின் ஒரு கூறாக இருந்தது.

பராமரிப்பு பற்றிய இந்த நிபந்தனை பொருள் பொதிந்தது. சூரிய ஒளித் தகடு இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கக் கூடியது. எல்.ஈ.டி. விளக்கும் நெடுநாள் எரியும். இத்தொகுப்பில் முதலில் கெடுவது மின்கலமே. மின்கலம் கெட்ட நாளன்று, கூரைமீது தகடு பளபளத்துக் கொண்டிருந்தாலும், இல்லம் மீண்டும் மண்ணெண்ணெய் விளக்கை நாட நேரும். புதிய மின்கலம் வாங்குவது ஏழைக் குடும்பத்திற்குப் பெருஞ்செலவு.

மின்கலங்களில் பல, முதுமையால் மடிவதில்லை; முறையற்ற மின்னேற்றத்தால் அகால முடிவை எய்துகின்றன. இதனைத் தடுக்கும் ஆற்றல், மைக்ரோ கண்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்திக்கு உண்டு. விரல் நகத்தினும் சிறிய இச்சில்லின் விலை சில பத்து ரூபாய்களே. அது மின்னேற்றியில் எவ்வாறு பணிபுரிகிறது என்பதையும், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதையும் அறிந்துகொள்வது, இத்தகைய திட்டங்களை வகுப்போருக்கும் நிறைவேற்றுவோருக்கும் இன்றியமையாததாகும்.

மின்கலம் கெடுவது ஏன்?

மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க மின்கலத்தை 1859ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிவியலறிஞர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட அந்த ஈய-அமில மின்கலமே, பல சீர்திருத்தங்களுடன், இன்றும் ஊர்திகளிலும் இல்லங்களிலும் பெருவழக்காக உள்ளது. 12 வோல்ட் மின்கலம் ஒன்றினுள் ஏறத்தாழ 2 வோல்ட் அழுத்தமுள்ள ஆறு அறைகள் உள்ளன.

மின்கலத்திலிருந்து மின்சாரம் எடுக்கப்படும்போது தகடுகளின்மீது ஈய சல்பேட் படிகிறது. மின்னேற்றும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. குறைந்த மின்னேற்ற நிலையிலேயே மின்கலத்தை நாட்கணக்கில் விட்டுவைத்தால், அப்படிவு கெட்டிப்பட்டுப் பெரிய படிகங்களாகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் அது முழுமையாகக் கரையாது. மின்கலத்தின் கொள்ளளவு நிலையாகக் குறைந்துவிடும்.

மாறாக, மின்கலம் நிறைந்த பின்னரும் மின்சாரத்தைச் செலுத்திக் கொண்டேயிருந்தால் வேறொரு கேடு விளைகிறது. ஓர் அறையின் அழுத்தம் சுமார் 2.4 வோல்ட்டை எட்டும்போது நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியிட்டு வெளியேறத் தொடங்குகின்றன. நீர் குறைகிறது, தகட்டின் உள்சட்டம் அரிக்கப்படுகிறது. போதாமையும் மிகையும் ஆகிய இவ்விரு கேடுகளுக்கும் இடையே மின்கலத்தை நடத்திச் செல்வதே மின்னேற்றியின் கடமை.

பழைய மின்னேற்றியின் குறைபாடு

மின்மாற்றி ஒன்று, மின்திருத்திகள் சில, அளவுகாட்டும் முள் ஒன்று: இவையே பழைய மின்னேற்றியின் உறுப்புகள். மின்கலத்தின் நிலையை அறியும் வழி அதற்கு இல்லை. எப்போது நிறுத்துவது என்பதை அருகிலிருக்கும் மனிதரே தீர்மானிக்க வேண்டும். பட்டறையில் அனுபவமுள்ள தொழிலாளி, குமிழிகளைப் பார்த்தும் அமிலத்தின் அடர்த்தியை அளந்தும் இதனைச் செம்மையாகச் செய்துவிடுவார். ஆனால் இரவு முழுதும் ஆளின்றி மின்னேறும் இடத்தில் அந்தக் கண்காணிப்புக்கு வழியில்லை.

வட மாநில நகரங்களில் ஓடும் மின்-ரிக்‌ஷாக்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 2015ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திகள் திருத்தச் சட்டம் இவ்வூர்திகளுக்குச் சட்ட ஏற்பளித்தது. 12 வோல்ட் ஈய-அமில மின்கலங்கள் நான்கினைத் தொடராக இணைத்து 48 வோல்ட் பெறும் ஊர்திகள் இவற்றில் மிகுதி. பகலில் மின்கலம் வெறுமையாகும் வரை ஓட்டுவதும், இரவில் எளிய மின்னேற்றியில் இணைத்துவிட்டு உறங்குவதும் வழக்கம். நான்கு மின்கலங்களில் ஒன்று நலிவுற்றிருந்தாலும் மற்றவற்றின் சுமையும் மின்னேற்றமும் சீர்குலைகின்றன. ஊர்தியை வாடகைக்கோ கடனுக்கோ ஓட்டும் தொழிலாளியின் வருவாயில் கணிசமான பகுதியை மின்கல மாற்றமே விழுங்கிவிடுகிறது.

நுண்கட்டுப்படுத்தியின் இயல்பு

கணிப்பி, நினைவகம், உள்ளீட்டு-வெளியீட்டு வழிகள் ஆகிய அனைத்தையும் ஒரே சில்லில் அடக்கியதே நுண்கட்டுப்படுத்தி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டி.எம்.எஸ். 1000 என்னும் சில்லு 1974இல் விற்பனைக்கு வந்தது. இன்டெல் நிறுவனம் 1976இல் 8048 என்பதையும், 1980இல் 8051 என்பதையும் வெளியிட்டது. பின்னர் வந்த ஏ.டி.டைனி 85 போன்ற சில்லுகளுக்கு எட்டே கால்கள். கட்டளைகளுக்கு 8 கிலோபைட் இடம். தற்காலிக நினைவுக்கு 512 பைட். மின்னேற்றிக்கு இதுவே போதும்.

மின்னேற்றியில் இச்சில்லு மூன்று செயல்களைப் புரிகிறது: அளக்கிறது, முடிவு செய்கிறது, மின்னோட்டத்தை நெறிப்படுத்துகிறது. சில்லினால் நேரடியாக 14 வோல்ட்டை ஏற்க இயலாது. ஆகவே இரண்டு மின்தடைகளைக் கொண்டு அழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டு உள்ளே அனுப்பப்படுகிறது. சில்லில் உள்ள பத்து பிட் அளவி, 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள இடைவெளியை 1,024 படிகளாகப் பிரித்துக் காண்கிறது. மின்கலத்தின் பக்கம் நோக்கினால், இது 20 வோல்ட்டை ஏறத்தாழ 0.02 வோல்ட் படிகளாக அளப்பதற்கு ஒப்பாகும். ஈய-அமில மின்கலத்திற்கு இந்நுட்பம் தாராளம்.

நெறிப்படுத்தும் பணியை மாஸ்ஃபெட் என்னும் மின்விசை டிரான்சிஸ்டர் செய்கிறது. சில்லு அதனை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் சில்லு, ஒவ்வொரு சுற்றையும் 256 கூறுகளாக வகுத்துக்கொண்டால், நொடிக்கு 31,250 சுற்றுகள் கிடைக்கும். ஒரு சுற்றில் எத்தனை கூறுகள் திறந்திருக்க வேண்டும் என்பதை மாற்றுவதன் மூலம் மின்னோட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலும். வாய்க்கால் மடையைத் திறந்து மூடிப் பாத்திக்கு நீரை அளந்து விடும் உழவரின் செயலை இது ஒத்தது.

மின்னேற்றத்தின் மூன்று கட்டங்கள்

12 வோல்ட் ஈய-அமில மின்கலத்திற்கு எழுதப்படும் கட்டளைத் தொடர் பொதுவாக மூன்று கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில், மின்கலம் தாங்கக் கூடிய அளவுக்கு முழு மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. அழுத்தம் படிப்படியாக உயர்கிறது. அது 14.4 வோல்ட்டை எட்டியதும் இரண்டாங்கட்டம் தொடங்குகிறது. இப்போது அழுத்தம் அந்த அளவிலேயே நிறுத்தப்படுகிறது. மின்கலம் ஏற்கும் மின்னோட்டம் தானாகவே குறைந்துகொண்டு வருகிறது. மின்னோட்டம் மிகச் சிறிய அளவுக்குத் தாழ்ந்ததும், மின்கலம் நிறைந்துவிட்டது எனச் சில்லு அறிகிறது. மூன்றாங்கட்டத்தில் அழுத்தம் சுமார் 13.6 வோல்ட்டாகத் தாழ்த்தப்படுகிறது. இயல்பாக ஏற்படும் சிறு கசிவை இது ஈடுசெய்யும். மிகை மின்னேற்றத்திற்கு இடந்தராது.

மின்சாரம் எடுக்கும் பக்கத்திலும் காவல் தேவை. அழுத்தம் சுமார் 11.4 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் சில்லு விளக்குகளைத் துண்டிக்கிறது. சுமை நீங்கியதும் அழுத்தம் சற்றே உயரும் என்பதால், அதே அளவில் மீண்டும் இணைத்தால் விளக்கு அணைந்து அணைந்து எரியும். எனவே 12.6 வோல்ட் போன்ற உயர்ந்த அளவை எட்டிய பின்னரே மீண்டும் இணைக்கும்படி கட்டளை அமைக்கப்படுகிறது. வீட்டார் சில வேளைகளில் இந்தத் துண்டிப்பைப் பழுதெனக் கருதி, கம்பியை நேரடியாக மின்கலத்தில் இணைத்துவிடுவதுண்டு. அன்றே மின்கலத்தின் அழிவு தொடங்கிவிடுகிறது. துண்டிப்பதற்கு முன் விளக்கை மங்கச் செய்து எச்சரிப்பது, இரண்டு வரிக் கட்டளையால் ஆகக்கூடிய காரியம். அது காக்கும் பொருளோ பெரிது.

வெப்பமும் குளிரும்

மேற்கூறிய அளவுகள் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு உரியவை. மின்கலத்தின் ஒவ்வோர் அறைக்கும், வெப்பநிலை ஒரு பாகை உயரும்போது ஏறத்தாழ 4 மில்லிவோல்ட் வீதம் மின்னேற்ற அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். 12 வோல்ட் மின்கலத்திற்கு இது பாகைக்கு 24 மில்லிவோல்ட். ராஜஸ்தானின் பாலைநிலக் கோடையில் மின்கலம் 45 பாகையில் இருந்தால், 14.4 வோல்ட்டுக்குப் பதிலாக 13.9 வோல்ட்டே தக்க அளவு. 5 பாகைக் குளிரில் அது 14.9 வோல்ட்டாக உயர வேண்டும். எல்லா ஊருக்கும் ஒரே அளவை நிலைப்படுத்திய மின்னேற்றி, கோடையில் மின்கலத்தைக் காய்ச்சும். குளிரில் பட்டினி போடும்.

வெப்பநிலைக்கேற்பத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும் தெர்மிஸ்டர் என்னும் சிறு உறுப்பை மின்கலத்தோடு ஒட்டிவைத்தால், சில்லு இந்தத் திருத்தத்தைத் தானே செய்துகொள்ளும். எனினும் வெப்பத்தின் கேட்டைச் சில்லு முற்றிலும் போக்கிவிட இயலாது. ஒவ்வொரு பத்துப் பாகை உயர்வுக்கும் ஈய-அமில மின்கலத்தின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுவிதி. மின்கலத்தை நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பது வீட்டாரின் பொறுப்பாகவே இருக்கும்.

லடாக்கில் சிக்கல் வேறுவிதமானது. லித்தியம் அயனி மின்கலங்கள் 1991இல் சோனி நிறுவனத்தால் வணிக அளவில் வெளியிடப்பட்டன. அவற்றுக்கு அடிகோலிய ஆய்வுகளுக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவர் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். எடை குறைந்த, ஆயுள் மிகுந்த இம்மின்கலங்களைப் பொதுவாகச் சுழியப் பாகைக்குக் கீழ் மின்னேற்றலாகாது. மீறினால் உள்ளே லித்தியம் உலோகமாகவே படிந்து, கொள்ளளவு குறைவதோடு உட்குறுக்குச் சுற்றுக்கும் வழி பிறக்கும். திராஸ் போன்ற இடங்களில் குளிர்காலக் காலைப் பொழுதில் வெயில் பளீரென்று அடிக்கும். தகடு மின்சாரத்தைத் தரும். மின்கலமோ உறைநிலையில் இருக்கும். அவ்வேளையில் மின்னேற்றத்தைத் தடுத்துக் காத்திருக்கும் கடமை சில்லினுடையது.

வகைக்கேற்ற விதி

ஒரே மின்சுற்றில், கட்டளைகளை மட்டும் மாற்றிப் பலவகை மின்கலங்களுக்கு மின்னேற்ற இயல்வது நுண்கட்டுப்படுத்தியின் தனிச்சிறப்பு. நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலம் நிறைந்ததும் அதன் அழுத்தம் சில மில்லிவோல்ட் சரியும். வெப்பம் விரைந்து ஏறும். இந்தச் சிறு சரிவைக் கண்டறிவதே அங்கு நிறுத்தற் குறி. சாதாரண லித்தியம் அயனி அறைக்கு 4.2 வோல்ட் உச்ச வரம்பு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் அறைக்கு 3.65 வோல்ட். லித்தியம் வகைகளில் இவ்வரம்பை ஒரு விழுக்காட்டுத் துல்லியத்துடன் காக்க வேண்டும்.

கவனம் தவறக்கூடிய இடம் ஒன்று இங்குண்டு. மலிவான சில்லுகளின் உள்ளே அமைந்த ஒப்பீட்டு அழுத்தம், சில்லுக்குச் சில்லு பத்து விழுக்காடு வரை மாறுபடலாம். அதனை அப்படியே நம்பினால், 14.4 வோல்ட் எனச் சில்லு கருதுவது உண்மையில் 13 வோல்ட்டாகவோ, ஏறத்தாழ 16 வோல்ட்டாகவோ இருக்கக்கூடும். முதலாவதால் மின்கலம் என்றும் நிறையாது. இரண்டாவதால் விரைவில் வறண்டுவிடும். தொழிற்சாலையில் ஒவ்வொரு மின்னேற்றியையும் நம்பகமான அளவியுடன் ஒப்பிட்டு, திருத்த எண்ணைச் சில்லின் நினைவகத்தில் பதிப்பதோ, துல்லியமான ஒப்பீட்டு உறுப்பைத் தனியே சேர்ப்பதோ இன்றியமையாதது. செலவைக் குறைக்க எண்ணும் உற்பத்தியாளர் முதலில் கைவிடுவதும் இதனையே. வெளித்தோற்றத்தில் இரு மின்னேற்றிகளுக்கும் வேற்றுமை தெரிவதில்லை.

சூரியத் தகட்டிலிருந்து மிகுதியாகப் பெறுதல்

12 வோல்ட் மின்கலத்திற்கென விற்கப்படும் 36 அறைகள் கொண்ட சூரியத் தகடு, சுமார் 17.5 வோல்ட்டில்தான் தன் முழுத் திறனைத் தருகிறது. 40 வாட் தகடு அந்த அழுத்தத்தில் 2.3 ஆம்பியர் தரும். அதனை 12.5 வோல்ட்டில் உள்ள மின்கலத்தோடு நேரடியாக இணைத்தால், அதே மின்னோட்டம் 29 வாட்டாகவே பயன்படும். எஞ்சிய 11 வாட் கைக்கு எட்டாமற் போகும். சுருளும் மாஸ்ஃபெட்டும் கொண்ட மாற்றியைச் சில்லு இயக்கினால், உயர்ந்த அழுத்தம் தாழ்ந்து மின்னோட்டம் கூடும். சில்லு தகட்டின் அழுத்தத்தைச் சற்றே மாற்றிப் பார்க்கிறது, திறன் கூடினால் அதே திசையில் செல்கிறது, குறைந்தால் திரும்புகிறது. இவ்வாறு உச்சத் திறனை நாடிப் பிடிக்கிறது.

கடும் வெயிலில் தகடு சூடேறும்போது அதன் அழுத்தம் தாழ்வதால் இந்த ஆதாயமும் குறையும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மாற்றியிலும் சிறிது இழப்பு உண்டு. ஆகவே மாணவர் படிப்பதற்கான சிறு விளக்குக்கு எளிய மின்னேற்றியே போதும். 200 வாட் இல்லத் தொகுப்புக்கு இம்முறை பயன் தரும்.

பிழைக்கு எதிரான காவல்

கட்டளைகளை நம்பி இயங்கும் கருவிக்குத் தனியான ஓர் ஆபத்து உண்டு. இடி மின்னலாலோ மின் இரைச்சலாலோ சில்லு நடுவில் உறைந்து நின்றால், மாஸ்ஃபெட் திறந்த நிலையிலேயே இருந்துவிடக் கூடும். குறித்த நேரத்திற்குள் கட்டளைத் தொடர் தன் இருப்பை அறிவிக்காவிடில் சில்லைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் காவற்கடிகை, இச்சில்லுகளில் பெரும்பாலானவற்றினுள்ளேயே உள்ளது. அதற்கும் மேலாக, சில்லின் தயவை நாடாத உருகியும், மிகை அழுத்தத்தைத் துண்டிக்கும் தனிச் சுற்றும், முனைகள் மாறி இணைக்கப்படுவதைத் தாங்கும் அமைப்பும் இருத்தல் வேண்டும். லித்தியம் மின்கலத்தில் இக்காவல் தவறினால் தீ விபத்து நேரும்.

பழுது பார்க்கும் கைகள்

ராஜஸ்தானின் திலோனியா சிற்றூரில் 1972ஆம் ஆண்டு பங்கர் ராய் தொடங்கிய பேர்ஃபுட் கல்லூரி, முறையான பள்ளிக் கல்வி பெறாத கிராமப் பெண்களுக்குச் சூரிய மின் கருவிகளைப் பூட்டவும் பழுது பார்க்கவும் பயிற்சி அளித்து வந்துள்ளது. உறுப்புகளை நிறத்தாலும் வடிவத்தாலும் இனங்கண்டு, பிற நாட்டுப் பெண்களும் அங்கு இத்தொழிலைக் கற்றனர். தொலைதூரக் குடியிருப்புக்கு நகரத்திலிருந்து பொறியாளர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே அங்கு கிடைக்கும் பாடம்.

நுண்கட்டுப்படுத்தி இப்பணிக்கு உதவியாகவும் அமையலாம், தடையாகவும் அமையலாம். விளக்கின் சிமிட்டல் எண்ணிக்கையால் 'தகடு இணைப்பு இல்லை', 'மின்கலம் நலிந்தது', 'சுமை மிகுதி' எனச் சில்லு தானே அறிவித்தால், பழுது பார்ப்பவரின் வேலை பாதியாகிறது. கட்டளைத் தொடர் பூட்டி வைக்கப்பட்டு, மாற்றுச் சில்லும் கிடைக்காமற் போனால், சில பத்து ரூபாய் உறுப்பின் பொருட்டு முழுக் கருவியும் குப்பைக்குச் செல்லும். பொதுப்பணத்தில் வாங்கப்படும் மின்னேற்றிகளுக்கு மின்சுற்று வரைபடமும், எழுதப்பட்ட மாற்றுச் சில்லுகளும் உடன் வழங்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை மிகவும் தேவையானது.

உள்நாட்டுச் சில்லு

இத்துறையில் நம் நாட்டின் முயற்சிகளும் குறிப்பிடத்தக்கவை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'சக்தி' செயலி, 2018இல் சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் சில்லாக வடிக்கப்பட்டது. சி-டாக் நிறுவனம் 'வேகா' என்னும் வரிசையை உருவாக்கியுள்ளது. ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளை முறையைப் பின்பற்றுவதால் இவற்றுக்கு அம்முறைக்கான உரிமத் தொகை செலுத்த வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை 76,000 கோடி ரூபாய் மதிப்பிலான குறைகடத்தித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மின்னேற்றிக்குத் தேவைப்படுவது அதிநவீனச் சில்லு அன்று; பழைய, மலிவான உற்பத்தி முறையிலேயே அதனைச் செய்ய இயலும்.

ஈயத்தின் நிழல்

மின்கலத்தின் ஆயுள் குடும்பச் செலவை மட்டும் சார்ந்ததன்று. அகாலத்தில் கெட்ட ஈய-அமில மின்கலங்களில் ஒரு பகுதி, உரிமம் பெறாத உலைகளில் உருக்கப்படுகிறது. புகையாலும் மண்ணாலும் ஈயம் குழந்தைகளின் உடலில் சேர்ந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. உலகில் 80 கோடி வரையிலான குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக, யூனிசெஃப், பியூர் எர்த் ஆகிய அமைப்புகளின் 2020ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. மின்கல மறுசுழற்சியில் நேரும் முறைகேடு அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டப்பட்டது. இந்தியாவில் 2001இல் வகுக்கப்பட்ட விதிகளுக்கு மாற்றாக, 2022 ஆகஸ்டில் புதிய மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் வெளியிடப்பட்டன. பயன்படுத்தப்பட்ட மின்கலங்களைத் திரட்டும் பொறுப்பை அவை உற்பத்தியாளர்மீது சுமத்தின. சேகரிப்பு எவ்வளவு செம்மையாயினும், இரண்டாண்டில் மடியும் மின்கலத்தை ஐந்தாண்டு உழைக்கச் செய்வது, உருக்க வேண்டிய ஈயத்தைப் பாதிக்கு மேல் குறைப்பதாகும்.

ஒப்பந்தப் புள்ளிகளில் தகட்டின் வாட் அளவும் மின்கலத்தின் ஆம்பியர்-மணி அளவும் விலையும் எளிதில் ஒப்பிடப்படுகின்றன. மின்னேற்றியின் தரமோ கண்ணுக்குப் புலனாவதில்லை. மின்னேற்ற அழுத்தத்தின் துல்லியம், வெப்பநிலைத் திருத்தம், துண்டிப்பு-மீள்இணைப்பு அளவுகள், காவற்சுற்றுகள் ஆகிய நான்கையும் கொள்முதலின்போதே சோதித்துப் பார்ப்பதற்குச் சில கருவிகளும் சில மணி நேரமும் போதும். அச்சோதனையைக் கட்டாயமாக்குவது, மலைக்குடியிருப்பில் ஏற்றிய விளக்கு மூன்றாம் ஆண்டிலும் எரிவதற்கான மிகக் குறைந்த செலவுள்ள உறுதிப்பாடாக அமையும்.